பத்தாவது கேள்வி

2025 பிப்ரவரி 24, திங்கள்

பிள்ளை பிறந்து இன்றோடு பதினான்கு நாள். மூன்றாம் நாள் ஆரம்பித்த என் அழுகை நிற்கவில்லை. "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்கிறாள் அம்மா. அது பொய்யில்லை. பெற்ற பெண்களில் பாதிக்கு மேல் முதல் வாரத்தில் இப்படி அழுவார்களாம், இரண்டு வாரத்தில் தானாக அடங்குமாம். இரண்டு வாரம் முடிந்துவிட்டது.

மார்ச் 11, செவ்வாய்

பூண்டுக் குழம்பு, பால்சுறா புட்டு, காலையில் பிரசவ மருந்து உருண்டை. எல்லாம் பாலுக்கு. பார்க்க வருகிறவர்கள் கேட்பதும் "பால் இருக்கா?" என்றுதான். பிள்ளை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் இல்லை. மூச்சு விடுகிறானா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன், நேற்று ராத்திரி மட்டும் பதினோரு தடவை. சின்னம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள். நெடியே வரவில்லை. ஆகவே திருஷ்டிதான் என்று முடிவாகிவிட்டது.

மார்ச் 26, புதன்

நாற்பத்தைந்தாம் நாள் ஊசி. மூன்று ஊசி, இரண்டு சொட்டு மருந்து. அவன் அழுது ஓய்ந்த பிறகு நர்ஸ் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய 1987 முதல் புழக்கத்தில் இருக்கும் எடின்பரோ படிவம்: கடந்த ஏழு நாளைப் பற்றிப் பத்துக் கேள்வி. சிரிக்க முடிந்ததா என்பது முதல் கேள்வி. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து கூடவே படித்தாள். "நல்லாத்தானே சிரிக்கிற, ஏன் இல்லைன்னு போடுற?" மாற்றிப் போட்டேன். பத்தாவது, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றி. அம்மாவின் மூச்சு என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. 'ஒருபோதும் இல்லை.' முப்பதுக்கு ஐந்து, குறைந்தால்தான் நல்லது. "வெரி குட்" என்றார் நர்ஸ்.

மார்ச் 29, சனி, விடியற்காலை

பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு 14416க்குப் போன் செய்தேன். டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். ராத்திரியிலும் எடுக்கிறார்கள், தமிழிலேயே பேசலாம். யாராவது பேசுவது மாதிரி காதில் கேட்கிறதா, பிள்ளையை ஏதாவது செய்துவிடத் தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டார் அந்தப் பெண். இல்லை என்றேன், அது உண்மை. இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமாம். நான் இல்லாமல் போனால் இவன் நன்றாக வளர்வான் என்று தோன்றுவதைச் சொன்னேன். போனை வைக்கும் முன் திருப்பூரில் இருக்கும் என் கணவரிடம் இன்றே சொல்லிவிடுவதாக வாக்கு வாங்கிக்கொண்டார். காலையில் சொன்னேன். மதியமே பஸ் ஏறிவிட்டார்.

ஏப்ரல் 3, வியாழன்

ஜி.எச். மனநலப் பிரிவு. பிள்ளையைக் கொடுத்து அம்மாவை வெளியே உட்காரச் சொன்னார் டாக்டர். அதே படிவம். இந்தத் தடவை பதினெட்டு. கூட்டுத்தொகை குறைவாக வந்தாலும் பத்தாவதில் 'எப்போதாவது' என்று விழுந்தாலே பேசாமல் அனுப்ப மாட்டாராம். தைராய்டுக்கும் ரத்தசோகைக்கும் ரத்தம் எடுத்தார்கள், அவையும் இப்படிச் சோர்த்துப் போடுமாம். மனச்சோர்வுக்குச் செர்ட்ராலின் மாத்திரை. பாலில் மிகக் குறைவாகத்தான் கலக்கும், பால் கொடுக்கலாம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம். ராத்திரி ஒரு வேளைப் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டு நான் தூங்க வேண்டும், புகட்டுவது அவர் வேலை.

ஆட்டோவில் அம்மா சொன்னது: "சம்பந்தி வீட்டுக்குத் தெரிய வேண்டாம்."

ஏப்ரல் 21, திங்கள்

நேற்று ஒரே மூச்சில் நாலு மணி நேரம் தூங்கினேன்.

பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது அம்மா நிமிராமலே சொன்னாள்: "நீ பொறந்து மூணு மாசம் நான் கிணத்தடிப் பக்கமே போகலை. உங்க பாட்டிதான் தண்ணி எடுப்பா." ஏன் என்று நான் கேட்கவில்லை. இன்னும் நாலு பல் உரிக்கச் சொன்னாள், உரித்தேன்.