பதினெட்டாம் நாள் வந்த விசில்

காரில் டர்போ (எஞ்சின் புகையின் வேகத்தில் சுற்றி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் பாகம்) மாற்றிப் பதினெட்டாம் நாள், சேலம் கொண்டலாம்பட்டி பைபாஸில் மறுபடியும் பழைய டர்போவின் அதே விசில். மிதித்தாலும் வண்டி இழுக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப் புகை. 28,000 ரூபாய் கொடுத்துப் போட்ட டர்போ!

விற்ற கடைக்காரரைத் திட்டிக்கொண்டே வேறொரு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த அண்ணன் டர்போவை அப்புறம் பார்க்கலாம் என்று, அதற்கு ஆயில் கொண்டுபோகும் ஒல்லிப் பைப்பை முதலில் கழற்றினார். நுனியைத் துடைத்து, "ஊதுங்க தம்பி" என்று நீட்டினார். ஊதினேன். கன்னம் உப்பியதுதான் மிச்சம். உள்ளே முழுக்கக் கரி. புது டர்போவுக்குப் பழைய பைப்பையே மாட்டியிருக்கிறார்கள்.

டர்போ ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் போகும். பெரும்பாலான கார்களில் அதைத் தாங்குவது குண்டு பேரிங் இல்லை, வெறும் உலோக வளையமான புஷ்தான். இரண்டும் உரசாமல் நடுவில் நிற்பது ஒரு மெல்லிய ஆயில் படலம். அது அறுந்தால் சில நொடியிலேயே தேய்மானம் ஆரம்பம்.

கரிக்குக் காரணம் நான்தான். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, டீக்கடை முன் நிறுத்திய கையோடு சாவியைத் திருப்பிவிடுவேன். எஞ்சின் நின்றால் ஆயில் பம்ப்பும் நின்றுவிடும். டர்போ மட்டும் கொதித்துக்கொண்டிருக்கும். உள்ளே தேங்கிய ஆயில் அங்கேயே தீய்ந்துபோகும். போதாததற்கு 10,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டிய ஆயிலை 16,000 வரை ஓட்டியவன் நான். டீசல் வண்டியில் ஆயில் கருப்பாகத்தானே இருக்கும் என்று ஒரு சமாதானம் வேறு.

இந்த முறை புதுப் பைப், அதைப் பூட்டும் துளையுள்ள புது பான்ஜோ போல்ட், புது வாஷர். எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பை இறக்கி, ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரைக் கழுவினார். ரிட்டர்ன் பைப்பையும் விடவில்லை. அதில் ஆயில் தானாக வடிந்துதான் சம்ப்புக்கு வர வேண்டும், அடைத்துக்கொண்டால் டர்போவின் ஆயில் சீலைத் தாண்டிப் புகையாக வரும். உதவிக்கு நின்ற பையன் கேஸ்கட் பேஸ்ட் டியூபை எடுத்ததும் ஒரு அதட்டல்: பிதுங்கி உள்ளே போனால் அதுவே அடைப்பு. பிறகு டர்போவின் ஆயில் துளையில் சிரிஞ்சால் ஆயில் விட்டு, அதன் உள் வீலை விரலால் சுற்றினார். எஞ்சினுக்கு டீசல் போகாதபடி இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு, ஆயில் லைட் அணையும்வரை செல்ஃப் மட்டும் அடித்தார். அதன்பிறகுதான் ஸ்டார்ட். அப்போதும் ரேஸ் பண்ண விடவில்லை.

இப்போது ஏற்காட்டில் நிறுத்தியதும் ஒரு நிமிடம் வண்டியை ஓடவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன். டீக்கடைக்காரர் டம்ளரோடு ஜன்னலுக்கே வந்துவிடுகிறார்.