மாக் எண்ணைப் பிடிக்க உயர்தரப் பௌதிகவியல் போதும்

ஹட்டன், நுவரெலியாப் பக்கம் தமிழ் மொழிமூலம் உயர்தரம் படித்துவிட்டு விமானப் பொறியியலுக்குப் போக ஆசைப்படும் தம்பி, தங்கச்சிமாருக்காக எழுதுகிறேன். போர் விமானக் கையேட்டைத் திறந்தால் வேக எல்லை நொட்டில் (மணிக்கு ஒரு கடல் மைல்) ஒன்று இருக்கும், மாக்கில் (ஒலியின் கதியைப் போல் எத்தனை மடங்கு) இன்னொன்று இருக்கும், 'இரண்டில் எது குறைவோ அது' என்றும் போட்டிருக்கும். வரைவிலக்கணங்களைப் பாடமாக்க வேண்டாம். ஒவ்வொரு இலக்கத்தையும் பார்த்து, கருவி இங்கே எதை அளக்கிறது என்று கேளுங்கள். எனக்கு வழி திறந்தது அந்தக் கேள்விதான்.

ஏர்ஸ்பீட் மீட்டர் அளப்பது அமுக்க வித்தியாசத்தை. பிட்டோ குழாயில் மோதும் காற்றின் அமுக்கத்திலிருந்து சுற்றுக் காற்றின் அமுக்கத்தைக் கழித்தது. பேர்னூலி பாடத்தில் செய்த அதே கணக்கு. மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறையும். அதே 300 நொட்டைக் காட்ட விமானம் இன்னும் வேகமாகப் போக வேண்டும். நியம வளிமண்டலத்தில் (கணக்குகளுக்காக ஒப்புக்கொண்ட மாதிரி வளிமண்டலம்) கடல் மட்டத்தில் 300 நொட் என்றால் மாக் 0.45. 30,000 அடியில் மீட்டர் அதே 300 காட்டும்போது மாக் 0.79, உண்மையான கதி சுமார் 466 நொட். அதனால்தான் தாழப் பறக்கும்போது நொட் எல்லை முதலில் வருகிறது, உயரத்தில் மாக் எல்லை முந்திக்கொள்கிறது.

அப்புறம் மாக். விமானத்தின் உண்மையான கதியை அந்த இடத்து ஒலியின் கதியால் வகுத்தால் வருவது. வாயுவில் ஒலியின் கதிக்கான சூத்திரத்தை நினைவுபடுத்துங்கள்: அதில் மாறுவது வெப்பநிலை மட்டும்தான். நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரம், அமுக்கம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 80 சதவீதம். ஆனாலும் 15 பாகை செல்சியஸ் இருக்கும் ஒரு காலையில் அங்கே ஒலியின் கதி செக்கனுக்கு 340 மீற்றர். நியம நாளில் கடல் மட்டத்திலும் அதே 340தான். 30 பாகை வெயிலில் கொழும்பில் 349. இந்தக் கணக்கைக் கையால் ஒருமுறை போட்டுவிட்டால் 'உயரம் கூடினால் ஒலியின் கதி குறையும்' என்ற அரைகுறைப் பேச்சு உங்களை ஏமாற்றாது. உயரத்தில் அது குறைவது குளிரால்.

1947 ஒக்டோபர் 14 அன்று அமெரிக்கப் பரிசோதனை விமானி சக் யேகர் பெல் எக்ஸ்-1 விமானத்தில் மாக் 1.06 தொட்டார். கதி மணிக்குச் சுமார் 1,127 கிலோமீற்றர். கடல் மட்டத்தில் ஒலியின் கதியே 1,225 கிலோமீற்றர்! 43,000 அடியின் குளிரில் அது 1,062 ஆக இறங்கிவிடுகிறது.

பயிற்சிக்கு எஸ்ஆர்-71 என்ற அமெரிக்க உளவு விமானத்தின் கையேட்டை எடுங்கள். இரகசியம் நீக்கப்பட்டு இணையத்தில் கிடைக்கிறது. ஆங்கிலத்துக்குப் பயப்பட வேண்டாம், வரைபுகள்தான் முக்கியம். கெல்வின் வெப்பநிலையின் வர்க்கமூலத்தை 38.97 ஆல் பெருக்கினால் ஒலியின் கதி நொட்டில் வரும். 80,000 அடியில் மாக் 3.2 என்று வைத்துக் கணக்கிட்டால் உண்மையான கதி 1,850 நொட் அளவில் வரும். அடர்த்தி விகிதத்தின் (அந்த உயரத்துக் காற்றின் அடர்த்தியைக் கடல் மட்ட அடர்த்தியால் வகுத்தது) வர்க்கமூலத்தால் அதைப் பெருக்குங்கள்: இறக்கை உணரும் காற்று வெறும் 350 நொட்தான்.