ஃபிளை கட்டப் பழகுகிறேன்: நூலில் பட்ட பாடு

தூண்டில் முள்ளின் மேல் நூலையும் இறகையும் சுற்றி நீர்ப்பூச்சி போல ஆக்கிய இரைக்கு 'ஃபிளை' என்று பெயர். அதைக் கட்டும் வேலையைத் தொடங்கி ஐந்து வாரம் ஆகிறது. கோவைக்கு வெளியே நண்பரின் தோட்டத்தில் ஒரு பண்ணைக்குட்டை இருக்கிறது, அதில் ஜிலேபிக் கெண்டை ஏராளம். அதற்காகத்தான் இந்தப் பாடு. இதுவரை 31 ஃபிளை கட்டியிருக்கிறேன். முதல் 12ஐப் பிளேடால் அறுத்துப் போட்டு முள்ளை மட்டும் மீட்டுக்கொண்டேன். அந்தப் பன்னிரண்டும் கெட்டது நூலால்.

முதல் வாரம் கையில் இருந்தது வீட்டுத் தையல் மெஷின் நூல். கறுப்பு பாலியஸ்டர், நல்ல உறுதி. முள் 14ஆம் எண், அதாவது நகத்தின் நீளம்கூட வராது. வாலைக் கட்ட ஆறு சுற்று, உடம்புக்குப் போக வர ஒரு வரிசை, தலைக்குப் பத்துச் சுற்று. முடிக்கும்போது தலை மிளகு அளவுக்குப் பருத்து, தூண்டில் நரம்பு கோக்க வேண்டிய முள்ளின் கண் அடைபட்டுவிட்டது. சாதாரணத் தையல் நூல் சுமார் 240 டெனியர் வரும். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ, அதுதான் டெனியர். அந்த அளவு முள்ளுக்கு 70 டெனியர் போதும் என்பது பிறகுதான் தெரிந்தது.

வாங்கப் போனால் அடுத்த குழப்பம். சில கண்டுகளில் டெனியர் போட்டிருக்கிறது, சிலவற்றில் 6/0, 8/0 என்று இருக்கிறது. எங்கள் அப்பா முப்பது வருடம் நூல் மில்லில் டபுளிங் (இழைகளைச் சேர்த்து முறுக்கும்) பகுதியில் இருந்தவர். கண்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது கவுண்ட் மாதிரி கண்ணு. நம்பர் ஏற ஏற நூல் சன்னமாகும். டெனியர் அப்படியே தலைகீழ்" என்றார். கவுண்ட் என்பது மில்லில் பருத்தி நூலின் சன்னத்தைச் சொல்லும் எண்: 20ஐவிட 40 சன்னம், 40ஐவிட 60 சன்னம். 6/0ஐவிட 8/0 சன்னம் என்பதும் அதே போக்குதான். ஆனால் கவுண்டுக்கு எல்லா மில்லிலும் ஒரே கணக்கு உண்டு, இந்தப் பூஜ்யக் கணக்குக்கு அப்படி இல்லை. யூனி என்ற பிராண்டு நூலில் 6/0 என்பது சுமார் 136 டெனியர். டான்வில் என்ற இன்னொரு பிராண்டில் அதே 6/0 வெறும் 70 டெனியர். எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு தடிமனில் வந்து சேரும். அதனால் நான் டெனியர் அச்சிட்ட கண்டை மட்டும் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். 12, 14ஆம் எண் முள்ளுக்கு 70 டெனியர். 8, 10ஆம் எண்ணில் (முள்ளில் எண் குறைந்தால் அளவு பெரிது) கட்டும் 'வூலி பகர்' போன்ற பெரிய ஃபிளைகளுக்கு 140. நிறத்துக்கு இப்போதைக்குக் கறுப்பும் பழுப்பும் போதும்.

70 டெனியர் நைலான் வந்ததும் அறுந்துகொண்டே இருந்தது. இழுப்பு அதிகம் என்று நினைத்துத் தளர்த்தினேன், அப்போதும் அறுந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் நூல் முள்ளின் கூர்நுனியை உரசிக்கொண்டு போகிறது. முள்ளைப் பிடித்து வைக்கும் வைஸில் அதைப் பொருத்தும் கோணத்தைக் கொஞ்சம் மாற்றி, நுனிப்பக்கம் வரும்போது பாபினை (நூல்கண்டைத் தாங்கும் கைக்கருவி) சற்று விலக்கிச் சுற்றினேன். அதன் பிறகு இரண்டு முறைதான் அறுந்திருக்கிறது.

அப்பா இன்னொன்றும் கவனித்தார். முறுக்கு. முள்ளைச் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் நூலில் ஒரு முறுக்கு ஏறுகிறது. இருபது சுற்றுக்குப் பிறகு, பட்டையாகப் படிந்துகொண்டிருந்த நைலான் கயிறு போல உருண்டுவிடும், மேடு தட்டும். நான் வலக்கைக்காரன். பாபினைத் தொங்கவிட்டு, மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாக நாலு சுழற்று சுழற்றினால் நூல் மறுபடி பட்டையாகிறது. அடித்தளத்துக்கும் தலைக்கும் பட்டை நூல், இறகை இறுக்கிப் பிடிக்க வேண்டிய இடத்தில் முறுக்கிய நூல். ஒரே கண்டு இரண்டு நூலாக வேலை செய்கிறது! இந்த ஐந்து வாரத்தில் எனக்கு மிகப் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான்.

மூன்றாம் வாரம் நூலே இல்லாமல் கட்டிப் பார்த்தேன். இங்கிலாந்தின் ஏவன் ஆற்றில் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர் ஃபெசன்ட் என்ற பறவையின் வால் இறகில் செய்யும் தன் 'ஃபெசன்ட் டெய்ல்' ஃபிளையை நூலுக்குப் பதில் மெல்லிய செம்புக் கம்பியால் கட்டியவர். கம்பியே கட்டு, கம்பியே எடை. எங்கள் ஊரில் செம்புக் கம்பிக்கா பஞ்சம்? மோட்டார் காயில் கட்டும் கடையில் கேட்டேன், மிச்சத் துண்டுகளைச் சும்மாவே கொடுத்தார்கள். 36ஆம் கேஜ் கம்பி (0.19 மி.மீ.) 14ஆம் எண் முள்ளுக்குத் தடிமன். 40ஆம் கேஜ் (0.12 மி.மீ.) அருமையாகப் படிந்தது. கேஜும் கவுண்ட் மாதிரியேதான், எண் கூடினால் மெலிவு.

ஃபெசன்ட் வால் இறகுக்கு இங்கே எங்கே போவது? தோட்டத்தில் மயில்கள் உதிர்த்த இறகுகளைப் பொறுக்கும்போது இறக்கையின் செம்பழுப்பு இறகு ஒன்று கிடைத்தது. அதன் இழைகள் ஏறக்குறைய அதே நிறம். மயில் இறகை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மயிலைத் துன்புறுத்துவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கீழே கிடப்பதை மட்டும் எடுங்கள்.

நாட்டுச்சேவல் கழுத்து இறகும் சேர்த்து வைத்திருக்கிறேன். சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்து, மூடிய டப்பாவில் நாப்தலின் உருண்டையோடு. அடிப்பக்கம் மென்மையாக இருப்பதால் நீரில் மிதக்கும் ஃபிளைக்கு அது உதவவில்லை. அமிழும் ஃபிளைக்கு நன்றாக அசைகிறது.

போன ஞாயிறு குட்டையில் போட்டுப் பார்த்தேன். செம்புக் கம்பி ஃபிளைக்கு மூன்று கெண்டை. மூன்றையும் விட்டுவிட்டேன். ஃபிளை குலையவில்லை. மயில் தோகைப் பீலியின் பச்சை இழையை உடம்பாகச் சுற்றிய இன்னொரு ஃபிளை மட்டும் இரண்டாவது மீனிலேயே பிரிந்து தொங்கியது. அந்த இழை அவ்வளவு நொய்மையானது. அப்பாவிடம் காட்டினேன். "ஒத்தை இழை நிக்குமா? மூணு இழையை நூலோட சேர்த்து முறுக்கு, அப்புறம் சுத்து" என்றார். இன்று இரவு அப்படி ஆறு கட்டப் போகிறேன், 12ஆம் எண் முள், 70 டெனியர் கறுப்பு.