ராத்திரி ஷிஃப்டும் கிரிக்கெட் விவாதமும்

கோத்தகிரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் ராத்திரி ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். இந்த வேலையில் பாதி, காத்திருப்பதுதான். சாயங்காலம் வந்து இறங்கும் பச்சை இலையைப் பரப்பி ஃபேனைப் போட்டுவிட்டால், அது வாடிப் பதத்துக்கு வர இரவின் பெரும்பகுதி ஆகிவிடும். அவசரப்பட்டு மெஷினில் போட்டால் தூள் கெட்டுப்போகும். அதுவரை எங்களுக்குத் துணை ஓய்வறை டிவி. ஐபிஎல் மாதங்களில் மேட்ச் முடிந்தாலும் யாரும் எழுந்து போவதில்லை. அப்புறம் வரும் விவாதத்துக்காகவே உட்கார்ந்திருப்பார்கள்.

இதை வெட்டிப் பேச்சு என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மெஷின் சத்தத்தில் நாள் முழுக்க வேலை செய்பவர்களுக்குப் பேச வாய்ப்பே குறைவு. டிவியில் நான்கு பேர் மோதிக்கொள்ளும்போது இங்கேயும் கட்சி பிரிகிறது. பேக்கிங் பையன் என்னையே மறுத்துப் பேசுகிறான், எனக்கு அது பிடிக்கிறது. 2017-இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் வந்தது இதற்குப் பெரிய காரணம். அதற்கு முன்னால் ஆங்கிலம் புரிந்த இரண்டு பேர் சொல்வதைத்தான் மற்றவர்கள் கேட்டுக்கொள்வார்கள். முன்னாள் வீரர்கள் ஸ்ரீகாந்தும் பத்ரிநாத்தும் நம் பேச்சிலேயே பேச ஆரம்பித்ததும், அடுப்புக்கு விறகு போடும் அண்ணன்கூட வாய் திறந்தார்.

அவர் வாய் திறந்த ஒரு ராத்திரி நன்றாக நினைவிருக்கிறது. 2025 மார்ச் 28. சேப்பாக்கத்தில் பெங்களூரு 196 அடித்தது. சென்னை 146-இல் நின்று 50 ரன்னில் தோற்றது. 2008-க்குப் பிறகு பெங்களூரு அங்கே ஜெயித்தது அன்றைக்குத்தான். தோனி, பந்துவீச்சாளர் அஸ்வினுக்கும் பின்னால் ஒன்பதாவதாக வந்து 16 பந்தில் 30 அடித்தார். ஆனால் ஆட்டம் ஏற்கெனவே கைவிட்டுப் போயிருந்தது.

“ஏண்ணா, ஒன்பதாவதா வந்தா எப்படி ஜெயிக்கிறது?” என்று பேக்கிங் பையன் கொதித்தான்.

“முட்டி ஆபரேஷன் பண்ணின ஆளு தம்பி. எத்தனை ஓவர் ஓடுவாரு?” என்றார் விறகு அண்ணன். அவருக்கும் முட்டி வலி உண்டு. படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொள்வார்.

சேனல் மாற்றி மாற்றிப் பார்த்தோம். எங்கே திருப்பினாலும் அவர் ஓய்வு பெற வேண்டுமா, அணிக்குப் பாரமா என்பதே பேச்சு. முழங்காலைப் பற்றி நாங்கள் பார்த்தவரை யாரும் நின்று பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, குவாஹாட்டியில் ராஜஸ்தானிடம் தோற்ற பிறகு, பயிற்சியாளர் ஃபிளெமிங் காரணத்தைச் சொன்னார்: தோனியின் முழங்கால் முன்புபோல் இல்லை, பத்து ஓவர் முழுவேகத்தில் ஓடி ஆட அவரால் முடியாது. 2023 ஜூனில் அவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது ஊரறிந்த செய்திதானே. அதை வைத்து யோசித்திருந்தால் ஒரு நல்ல விவாதம் கிடைத்திருக்கும். எந்த ஓவரில் அவரை இறக்கலாம், அவருக்கு முன்னால் யார், அவரோடு ஓடப்போவது யார் என்று எவ்வளவோ பேசலாம்.

அந்த சீசனில் எங்கள் ஆட்கள் ஒன்று செய்தார்கள். இலை எடையும் பரப்பிய நேரமும் எழுதும் கரும்பலகையின் ஓரத்தில், டிவியில் யார் என்ன சொன்னார் என்று சாக்பீஸால் குறிக்க ஆரம்பித்தார்கள். யார் ஜெயிப்பார், யார் ஃபார்முக்கு வருவார் என்பதையெல்லாம் எழுத முடிந்தது, மறுநாள் சரி தப்பு போடவும் முடிந்தது. ஆனால் ஒரு மணி நேரப் பேச்சில் அப்படித் தேறியது கொஞ்சம்தான். ‘இவருக்குப் பசி குறைந்துவிட்டது’, ‘அவரிடம் தலைமைக் குணம் இல்லை’ என்பதற்கு என்றைக்குச் சரி போடுவது, என்றைக்குத் தப்பு போடுவது? டிவியில் பேசுபவர்கள் யாரும் தோற்க முடியாத கேள்வியாகப் பார்த்து எடுத்துக்கொள்கிறார்கள். சத்தம் கூடுவதும் அதனால்தான். முடிவு வராத சண்டையில் குரல் ஓங்கியவர் ஜெயித்தமாதிரி தெரிகிறது.

எங்கள் தொழிலில் இப்படித் தப்பிக்க வழியில்லை. ராத்திரி நான் ‘தூள் நல்லா வந்திருக்கு’ என்று சொன்னால், காலையில் தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான டீ மேக்கர் கிண்ணங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக உறிஞ்சித் துப்பிப் பார்த்துவிட்டுச் சொல்லிவிடுவார். அதையும் தாண்டினால் குன்னூர் ஏலம் இருக்கிறது. கிலோவுக்கு என்ன விலை கிடைத்தது என்று தெரிந்தபின் எனக்குப் பேச எதுவும் இருக்காது.

டிவியிலும் இது முடியாததில்லை. அமெரிக்க விளையாட்டுச் சேனலான இ.எஸ்.பி.என்.-இல் 2001-இல் தொடங்கிய ‘பார்டன் தி இன்டரப்ஷன்’ நிகழ்ச்சியில் இரண்டு மூத்த பத்திரிகையாளர்கள் மோதிக்கொள்வார்கள். ஒவ்வொரு தலைப்புக்கும் கடிகாரம் ஓடும். நெடுங்காலம் அதன் கடைசிப் பகுதியில் ஓர் இளைஞர் வந்து, இருவரும் அன்றைக்குத் தவறாகச் சொன்ன தகவல்களைத் திருத்துவார். சண்டையின் சுவை அதனால் குறையவில்லை. நிகழ்ச்சி இருபது வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது.

நம் சேனல்களும் கடைசி ஐந்து நிமிடத்தை இதற்கு ஒதுக்கலாம். போன வாரம் அவரவர் சொன்னதைத் திரையில் போட்டுக் காட்டட்டும், சொன்னவரையே கேட்கட்டும். இந்த யோசனையை ஓய்வறையில் சொன்னபோது, பேக்கிங் பையனும் விறகு அண்ணனும் முதல்முறையாக ஒரே கட்சியில் நின்றார்கள்.