சர்ஜிகல் வார்டு, நைட் டூட்டி

ஜூலை 4, வெள்ளி
எட்டாம் பெட் தாத்தாவுக்கு நேற்று ஆபரேஷன். பெருங்குடலில் கட்டி, வெட்டி எடுத்துவிட்டுக் குடலை இணைத்திருக்கிறார்கள். பல்ஸ் 66. பல வருஷமாக பி.பி.க்கு அட்டெனலால் போடுகிறவர். அந்த மாத்திரை நாடியை ஏறவிடாது. கேஸ் ஷீட்டின் தலைப்பிலேயே சிவப்புப் பேனாவில் எழுதி வைத்தேன்.

ஜூலை 5, சனி
பல்ஸ் 68. யூரின் மணிக்கு 45 மில்லி. டீ கேட்கிறார். "வாயு பிரியட்டும் தாத்தா, அப்புறம் கேட்டுச் சொல்றேன்."

ஜூலை 6, ஞாயிறு
வார்டு நிறைந்து கிடக்கிறது, நாங்கள் இரண்டே பேர். மூச்சை ஒரு நிமிஷம் முழுசாக எண்ணாமல் எல்லோருக்கும் 20 என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. உடம்பு கெட ஆரம்பித்தால் பெரும்பாலும் மூச்சுதான் முதலில் ஏறும். பி.பி. கடைசியில்தான் விழும். அது விழுகிறவரை உட்கார்ந்திருக்கவா நாம்?

ஜூலை 7, திங்கள்
வாயு பிரிந்துவிட்டது. அவர் சம்சாரத்துக்கு அப்படியொரு சந்தோஷம்.
பல்ஸ் 78. மூச்சு 18. வயிறு மெத்தென்றுதான் இருக்கிறது. 78 ஏன்?

ஜூலை 8, செவ்வாய், விடிகாலை
பதினொன்றரைக்கு 88, மூச்சு 22. ஒரு மணிக்கு 94, மூச்சு 26. காய்ச்சல் இல்லை, பி.பி. 130/80. விடாத விக்கல். "மாட்டை ஏன் இன்னும் அவுக்கல?" என்று சம்சாரத்தைத் திட்டினாராம். வயிறு விறைத்திருந்தது, கை வைத்ததும் முகம் சுளித்தார். இரண்டு மணி நேரத்துக்கு யூரின் 35 மில்லிதான்.

டூட்டி டாக்டர், "பி.பி. நல்லாத்தானே இருக்கு சிஸ்டர், வலியா இருக்கும், ஊசி போடுங்க" என்றார். "66 இருந்தவர் சார், அட்டெனலால் போடுறவர்" என்றேன். காலை ரவுண்ட்ஸில் பார்க்கலாம் என்று போய்விட்டார். எனக்கு உட்கார முடியவில்லை. கால் மணிக்கொருதரம் போய்ப் பார்த்தேன்.

மூன்று மணிக்கு, வயிற்றிலிருந்து கசிவை வெளியே எடுக்கும் ட்ரெயின் குழாயில் வருவதன் நிறம் மாறிவிட்டது. நேற்றுவரை இளஞ்சிவப்பாக, தண்ணியாக வந்தது. இப்போது கலங்கலாகப் பழுப்பு, குனிந்தாலே மலவாடை. டாக்டரைக் கையோடு கூட்டி வந்து காட்டினேன். ஒரு வார்த்தை பேசாமல் சீஃப்புக்கு போன் போட்டார். ஆக்ஸிஜன், இன்னொரு ஐ.வி. லைன், ரத்தம் ஏற்ற கிராஸ் மேட்சிங். நாலரைக்குத் தியேட்டர்.

"நல்லாத்தானம்மா வாயு பிரிஞ்சுச்சு" என்று அந்த அம்மா என் கையை விடவே இல்லை.

ஜூலை 8, இரவு
குடல் இணைத்த இடம் விட்டுப்போய்க் கசிந்திருக்கிறது. வயிற்றைக் கழுவி, குடலை வெளியே கொண்டுவந்து பை வைத்திருக்கிறார்கள். ஐ.சி.யு.வில் இருக்கிறார். எட்டாம் பெட்டில் அதற்குள் ஹெர்னியா கேஸ்.

ஜூலை 9, புதன்
பகலில் தூக்கமில்லை. 66, 68, 78, 88, 94. வார்டுச் சுவரில் 'பல்ஸ் 100 தாண்டினால் டாக்டரிடம் சொல்லவும்' என்று ஒட்டியிருக்கிறது. அவருக்கு 100 தொடவே இல்லை! அந்தத் தாளை மாற்றச் சொல்லி இன்சார்ஜ் சிஸ்டரிடம் சண்டையே போட்டேன். நோயாளியின் பழைய பல்ஸையும் போடும் மாத்திரையையும் ஷீட்டின் மேலேயே எழுத வேண்டும் என்றேன். எழுதித் தரச் சொன்னார். தந்துவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்
ஐ.சி.யு.வில் இன்னும் வென்டிலேட்டர்தான். யூரின் மணிக்கு 40.

பன்னிரண்டாம் பெட், தைராய்டு, இன்று மதியம் ஆபரேஷன். மணிக்கொருதரம் பேர் சொல்லச் சொல்கிறேன். ஒன்பது மணிக்குக் கணீரென்று சொன்னாள். இப்போது குரல் கொஞ்சம் கம்முகிறது, கழுத்துக் கட்டு இறுக்குகிறது என்கிறாள். உள்ளே ரத்தம் கட்டி மூச்சுக்குழலை அழுத்தினால் உடனே திறக்கத் தையல் பிரிக்கும் ட்ரேயைத் தலைமாட்டில் வைத்துவிட்டு டாக்டருக்கு போன் போட்டாயிற்று.