கடிகாரம் பின்னால் போகும் வாரத்தில் குழந்தையின் தூக்கம்

பிரிட்டனில் கோடைகால நேரம் முடிந்து கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பதால், அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை 2 மணி, 1 மணியாகிவிடும். ஆறு மணிக்கு எழும் குழந்தை அன்று ஐந்துக்கே கண் விழிக்கும்.

முந்தைய திங்கட்கிழமையிலிருந்தே நாளுக்கு 10 நிமிடம் தாமதமாகத் தள்ளிக்கொண்டே வாருங்கள்: பகல் தூக்கம், பால், சாப்பாடு, குளியல் எல்லாவற்றையும். பலர் இரவுத் தூக்கத்தை மட்டும் ஒரேயடியாகத் தள்ளிவிடுகிறார்கள். அளவுக்கு மீறிக் களைத்த குழந்தை இன்னும் சீக்கிரம் எழுந்து அழும், பாவம்.

உடற்கடிகாரத்தை நகர்த்துவதில் வெளிச்சத்துக்கே பெரிய பங்கு. சாயங்காலம் வீடு வெளிச்சமாக இருக்கட்டும். விடிகாலையில் கனமான திரை போட்டு அறையை இருட்டாக வையுங்கள். ஐந்துக்கே விளக்கைப் போட்டு விளையாட்டுக் காட்டினால் அதுவே விடியல் என்று பழகிவிடும். பசித்து அழுதால் மங்கலான வெளிச்சத்தில், பேச்சில்லாமல் பால் கொடுங்கள்.

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இதெல்லாம் வேண்டாம். இடையில் காய்ச்சல் வந்தால் நிறுத்திவிட்டு, தேறியபின் தொடரலாம்.