தம்பி மடைக்குப் போகாத குறுவை

ஜூன் 4
இன்றும் தம்பியின் இடது கட்டைவிரல் தானாகத் துடித்தது. காப்பி டவராவைக் கீழே வைத்துவிட்டு வலது கையால் அதை இறுக்கிப் பிடித்தான், பிடிக்குள்ளேயும் துடித்தது. ஒரு நிமிடம்கூட இருக்காது. ‘வாயுப் பிடிப்பு’ என்று ஒருவர் போட்ட ஊசிக்கு இரண்டு மாதமாக அது அடங்கவில்லை.

ஜூன் 8
வாய்க்கால் தூர் வாரும் இடத்தில் வலிப்பு வந்து விழுந்துவிட்டான். நல்லவேளை, தண்ணீர் இன்னும் வரவில்லை. நான் ஓடுவதற்குள் யாரோ கையில் சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். இன்னொருவர் பல்லிடுக்கில் கரண்டியை விட வந்தார். அவரை விலக்கிவிட்டு, தம்பியை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். மூன்று நிமிடத்தில் நின்றது. ஐந்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ் என்பது பள்ளியில் நடந்த முதலுதவிப் பயிற்சியில் கற்றது. சாவியால்தான் நின்றது என்கிறது ஊர். வலிப்பு பெரும்பாலும் தானாகவே நிற்கும். அப்போது கையில் எது இருக்கிறதோ அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது.

ஜூன் 11
தஞ்சாவூரில் இ.இ.ஜி., மூளையின் மின்னோட்டத்தைக் கோடுகளாகப் பதியும் சோதனை. எண்ணெய் போகத் தலையை அலசிவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். எண்ணெய் இல்லாத அவன் தலையை இன்றுதான் பார்க்கிறேன். மருத்துவர் அந்தக் கோடுகளைவிட என் வாய்மொழியைத்தான் அதிகம் கேட்டார். எங்கே தொடங்கியது, பிறகு எங்கே போனது? கட்டைவிரல், மணிக்கட்டு, முழங்கை, பிறகு இடது வாய்க்கோணம் என்றேன். உடனே தம்பியின் வலப்பக்கத் தலையில் ஓரிடத்தைத் தொட்டு, “இங்கே இருக்கலாம்” என்றார். இடப்பக்க உடலை வலப்பக்க மூளை ஆள்கிறது. கைக்கும் முகத்துக்கும் உரிய பகுதிகள் அங்கே அடுத்தடுத்த வயல்கள். வரப்பு உடைந்தால் தண்ணீர் முதலில் பக்கத்து வயலுக்குத்தானே போகும்?

ஜூன் 13
எம்.ஆர்.ஐ.யில் அதே இடம். மெனிஞ்சியோமா என்ற கட்டி, நெல்லிக்காய் அளவு. மூளைக்குள் முளைத்ததல்ல, மூளையைப் போர்த்திய உறையில் வளர்ந்து மூளையை அழுத்துவது. பெரும்பாலும் புற்று இல்லை, எடுத்துச் சோதித்தால் உறுதியாகும் என்றார்கள். அம்மாவுக்கு ‘புற்று’ மட்டும் காதில் விழுந்தது. தம்பியின் கவலை வேறு: நேற்று மேட்டூர் திறந்தாயிற்று, மடையை யார் பார்ப்பது? வாய்க்கால், ஆறு, டிராக்டர் எல்லாம் இப்போதைக்குக் கூடாது. டெல்டாக்காரனிடம் தண்ணீர்ப் பக்கம் போகாதே என்றால் எங்கே போவான்?

ஜூன் 16
“தலையைத் திறப்பதா?” என்று மாமா குதித்தார். வேலூரில் மருத்துவர் ஜேக்கப் சாண்டி 1949லும் சென்னையில் மருத்துவர் பி. ராமமூர்த்தி 1950லும் நம் நாட்டில் தொடங்கிய மூளை அறுவை வைத்தியம் இது, ராமமூர்த்தி சீர்காழியில் பிறந்தவர் என்றேன். சீர்காழி மாமா பெண் எடுத்த ஊர். அதற்குமேல் பேசவில்லை.

ஜூன் 25
நேற்று அறுவை சிகிச்சை, ஐந்து மணி நேரம். விழித்ததும் கட்டைவிரலை மடக்கச் சொன்னார்கள். மெதுவாக மடக்கினான்.

ஜூலை 9
சோதனை முடிவு வந்தது, புற்று இல்லை. கட்டியை எடுத்த பிறகும் வலிப்பு மாத்திரை லெவெடிராசெட்டம் எதற்கு என்று தம்பி சண்டை. அழுந்திக் கிடந்த இடம் அடங்க நாளாகும், ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்பது உத்தரவு. வாய்க்கால் நிறைய ஓடுகிறது. அவன் திண்ணையிலிருந்தபடியே மகனை அதட்டுகிறான்: “பலகையை இன்னும் ஒரு சாண் தூக்குடா!” சாணைக் காட்ட நீட்டியது இடது கை.